நினைவில் எழுதிய மனைகள்

(சோழவந்தானில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



‘கலையும் குலவரலாறும்’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். தலைப்பைக் கேட்ட அளவில், எந்த மன்னன் காலத்தே நம் முன்னோர் எந்த நாட்டினின்று போந்தனர், எந்தக் கோயிலில் என்ன மரியாதை பெற்றனர் என்பவற்றை யாம் விரித்துரைப்போம் என்று பலர் எதிர்பார்த்து வந்திருத்தல் கூடும். அவர்கட்கு முன்னரே சொல்லிவிடுகின்றோம்: அஃது இன்று எம் பொருள் அன்று. அரசர் பெயரோடு தம் பெயரை முடிச்சிடும் நூல்கள் எல்லாக் குலத்தாரிடமும் உள. அவற்றையெல்லாம் ஒருங்கே அடுக்கிக் கணக்கெடுப்பின், பாண்டியனுக்குத் தளபதிகளாயிருந்தோர் தொகை அவன் படைவீரர் தொகையினும் மிகுந்து நிற்கும்.

யாம் பேச எடுத்துக்கொண்டது வேறு. தாம் பிறந்த வீட்டையும் உடன்வாழ்ந்த உற்றாரையும் இழந்தோர், அவ்விழப்பையே பொருளாகக் கொண்டு கலை செய்திருக்கின்றனர். அவர் செய்த முறையாது, அதனால் நாம் கற்றுக்கொள்ளத் தக்கது யாது என்பதே பொருள்.

கடல் கடந்து யாழ்ப்பாணத்தினின்று தொடங்குவோம். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கலைவரலாறு கற்பிக்கும் பேராசிரியராகிய தா. சனாதனன் என்பார் 1969-ஆம் ஆண்டு பிறந்தவர். டில்லியில் ஓவியம் பயின்றவர். அவர் 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு நூலுக்கு ‘முடிவுறாத தோம்பு’ என்னும் பொருள்படப் பெயரிட்டனர். தோம்பு என்னும் சொல் நம் பக்கத்தில் வழங்காது. போர்த்துக்கீசரும் பின்னர் ஒல்லாந்தரும் இலங்கையை ஆண்ட காலத்தில் எழுதி வைத்த காணிப் பதிவேட்டுக்கு அப்பெயர். இன்னார்க்கு இன்ன நிலம், இத்தனை மரம், இவ்வளவு வரி என்று அதில் கண்டிருக்கும். நம்மூர்க் கர்ணம் கையிலிருந்த அடங்கலையும் சிட்டாவையும் ஒத்தது என்று கொள்ளலாம். வரி வாங்குவான் எழுதுவித்த ஏடு ஆதலின், அங்கே குடியிருந்தோர் நெஞ்சில் என்ன இருந்தது என்று அது கேட்டதில்லை.

சனாதனன் செய்தது யாதெனின், அரசு எழுதும் ஏட்டின் பெயரை எடுத்துக்கொண்டு, அரசு எழுதாததை அதனுள் எழுதினார். வடக்கினின்றும் கிழக்கினின்றும் போரினால் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் எண்பதின்மரிடம் சென்று, ‘நீங்கள் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து ஒரு தாளில் வரைந்து காட்டுக’ என்று வேண்டினார். வரையப் பழகாதோர் பலர். ஆயினும் வரைந்தனர். ஒவ்வொருவர் வரைந்த தாளையும் அவர் சொன்ன சொற்களையும் முதலில் வைத்தார். பின்னர் அதனையே கட்டடக் கலைஞர் ஒருவரைக் கொண்டு அளவுக்கோடு பிடித்த மனைப்படமாக எழுதுவித்தார். அதன்மேல், தாம் கேட்டவற்றை உள்வாங்கி வண்ணக்கோல் கொண்டு தாமே ஓர் ஓவியம் தீட்டினார். ஆகவே ஒரே வீடு மூன்று முறை எழுதப்பட்டது. முதலாவது, வாழ்ந்தவர் கை எழுதியது. இரண்டாவது, அறிந்த அறிவு எழுதியது. மூன்றாவது, கேட்டவர் நெஞ்சு எழுதியது.

இம்மூன்றனுள் எது உண்மையான வீடு என்று வினவுவார்க்கு விடை கூறுதல் எளிதன்று. எம் கருத்தைக் கேட்பின், முதல் தாளையே யாம் முதலில் வணங்குவோம். அதில் கோடு கோணலாயிருக்கும். அறை சிறுத்துக் கிணற்றடி பெருத்திருக்கும். அளவு அறிந்தார்க்கு அது பிழை. எனினும் சிறுவயதில் நாளெல்லாம் கிணற்றடியிலே கழித்தவர்க்குக் கிணற்றடி பெரிதாயிருத்தல் பிழையாகாது. கட்டடக் கலைஞரின் கோடு அப்பிழையைத் திருத்திவிடும். திருத்திய இடத்தில் என்ன மறைந்தது என்பதனை முதல் தாளோடு ஒப்பிட்டால்தான் காணலாம். அதற்காகவே மூன்றையும் ஒருங்கே வைத்தனர் போலும்.

அவ்வெண்பதின்மரும் ஒரே வகையினர் அல்லர். யாழ்ப்பாணத்தினின்று 1990-ஆம் ஆண்டு அக்டோபரில் சின்னாட்களுள் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும் அவருள் உளர். அவர்களை வெளியேற்றியது விடுதலைப்புலிகள் இயக்கம். ஐந்தாண்டு கழித்து, 1995-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில், வலிகாமத்துத் தமிழ் மக்கள் பல இலட்சவர் படை முன்னேறி வருதலால் ஒரே இரவில் ஊரைவிட்டுப் புறப்பட்டனர். முன்னர்ப் போனோரும் பின்னர்ப் போனோரும் ஒரே நூலில் பக்கத்துப் பக்கமாக நிற்கின்றனர். தம் இனத்தார் பட்ட துன்பத்தை மட்டும் எழுதித் தம் இனத்தாரால் பிறர் பட்டதை விட்டுவிடும் வரலாறு எங்கும் மலிந்துள்ளது. இந்நூல் அவ்வாறு செய்யவில்லை. இதனை நீவிர் கருத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம். சற்றுப் பின்னர் நம் ஊருக்கு வருங்கால் இது வேண்டப்படும்.

இதற்கு முன்னரும் அவர் இத்தகைய முயற்சி செய்துள்ளார். 1981-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு, ஏறத்தாழத் தொண்ணூற்றேழாயிரம் நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலானதை அறியாத தமிழர் இரார். அந்நூலகத்தில் 2004-ஆம் ஆண்டு ‘அகம் புறம்’ என்னும் பெயரால் ஒரு கலைக்காட்சி நிகழ்ந்தது. பெயரைக் கண்டபோது, தமிழ் கற்றவர் என்னும் முறையில் எமக்கு உவகை உண்டாயிற்று. யாழ்ப்பாணத்து வீடுகளில் போருக்குப் பின் எஞ்சியிருந்த சிறு பொருள்களை வீடு வீடாகத் திரட்டி அதில் சனாதனன் வைத்தனர். நூல் எரிந்த இடத்தில் நூலுக்கு ஈடாக வீட்டுப் பொருள்கள் அமர்ந்தன. பின்னர்க் கனடாவின் வாங்கூவர் நகரத்து மானிடவியல் அருங்காட்சியகத்தில் 2010-ஆம் ஆண்டில், அங்குக் குடியேறிய இலங்கைத் தமிழரிடம் பெற்ற பொருள்களைக் கண்ணாடிப் புட்டிகளுள் இட்டுக் காட்சியாக்கினார். ஊறுகாய் இட்டு வைப்பது போல் ஊரை இட்டு வைத்தார் என்று யாம் சொன்னால் இளைஞர் நகைப்பர். ஆயின் வெளிநாட்டில் மக்களைப் பெற்ற தாய்மார் நகையார்.

வடபுலத்தினின்று ஒருவரைச் சொல்வோம். ஜரீனா ஹாஷ்மி என்னும் அம்மையார் 1937-ஆம் ஆண்டு அலிகாரில் பிறந்தவர். தந்தையார் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். அம்மையார் கணிதம் பயின்று பட்டம் பெற்றுப் பின்னரே அச்சோவியக் கலைக்கு வந்தார். நாட்டுப் பிரிவினைக்குப் பின் குடும்பத்தார் கராச்சிக்குப் பெயர்ந்தனர். இவர் பல நாடுகளில் வாழ்ந்து இறுதியில் நியூயார்க்கில் தங்கினார். 2020-ஆம் ஆண்டு இலண்டனில் மறைந்தார். தந்தையாரின் அலிகார் வீட்டினை நினைவிலிருந்தே மனைப்படமாக எழுதி 1994-ஆம் ஆண்டு அச்சிட்டார். 1999-ஆம் ஆண்டில் மரத்திற் செதுக்கிய முப்பத்தாறு அச்சுப்படங்கள் செய்து, ஒவ்வொன்றின் கீழும் வீடு, வாசற்படி, தொலைவு, எல்லை என்றாற்போல ஓர் உருதுச் சொல்லைப் பொறித்தார்.

இவற்றினும் எம் நெஞ்சைத் தொட்டது 2004-ஆம் ஆண்டில் அவர் செய்த ‘வீட்டிலிருந்து வந்த மடல்கள்’ என்பது. கராச்சியில் வாழ்ந்த தமக்கையார், தாய் தந்தையர் மறைந்ததையும் வீடு விற்றதையும் மக்கள் பிரிந்து போனபின் தாம் தனித்திருத்தலையும் பற்றித் தங்கைக்கு மடல்கள் எழுதினார். எழுதினாரேயன்றி அஞ்சலில் இட்டாரில்லை. நெடுங்காலம் தம்மிடமே வைத்திருந்து பின்னர்க் கையிற் கொடுத்தார். அம்மடல்களின் எழுத்தையே பின்புலமாக வைத்து, அவற்றின்மேல் வீட்டின் கோட்டையும் ஊரின் கோட்டையும் அம்மையார் அச்சிட்டார். எழுத்து ஓரளவே தெரியும்; ஓரளவு மறைந்திருக்கும். குடும்பத்துச் செய்தியை வெளியிடுங்கால் எதனைக் காட்டுவது எதனை மூடுவது என்னும் வினாவிற்கு இதனினும் நல்ல விடை யாம் கண்டதில்லை.

இவையெல்லாம் புதியன, நம் மரபில் இல்லாதன என்று கருதற்க. வைகையின் மேற்பகுதியில், ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பை என்னும் ஊரில் 2006-ஆம் ஆண்டு தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தனர். தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்தவை. கிறித்து பிறப்பதற்கு முற்பட்டன என அறிஞர் கருதுவர். நம் ஊர்க் கண்மாய்க்கு வரும் அதே ஆற்றின் கரையிலே கிடந்தவை. அவற்றில் வாளேந்திய வீரன் உருவம் இல்லை. எழுத்து மட்டுமே உண்டு. ஆநிரை கவர்ந்த பூசலில் இன்ன ஊரில் இறந்த இன்னான் கல் இது என்ற அளவே ஒன்று கூறும். மற்றொன்று உடைந்து போயிற்று. பெயரிற் பாதி இல்லை. புகழ்ச்சியுரை ஒன்றும் இல்லை. நட்டவர்க்கு அவன் அண்ணனோ, மகனோ, தந்தையோ யாம் அறியோம். பெயரும் ஊரும் இறந்த காரணமும் போதும் என்று அவர் எண்ணினர். கல்லைத் தேர்ந்து காண்பது முதல் நட்டு வாழ்த்துவது ஈறாக ஆறு படிகளைத் தொல்காப்பியர் புறத்திணையியலில் வகுத்துரைத்திருத்தலும் நீவிர் அறிந்ததே. நம் ஊர் அரசஞ் சண்முகனார் அந்நூலின் பாயிரத்திற்கே ஒரு விருத்தியுரை எழுதியவர். அவர் பிறந்த மண்ணில் நின்று தொல்காப்பியத்தைப் பற்றி மிகுதியும் பேச எமக்கு அச்சம் உண்டு.

கையறுநிலை என்னும் துறையும் அத்தகையதே. தந்தையையும் மலையையும் ஒருங்கே இழந்த பாரி மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் உள்ள பாட்டு ஐந்தே அடி. பெண்மக்கள் இருவர் எழுதிய குடும்பவரலாறு என்று அதனைச் சொல்லலாகாதா? அதனைக் கற்பிக்கும் எம்மனோர், தெருக்கோடியில் எழவு வீட்டில் எழும் ஒப்பாரியை மட்டும் காது கொடுத்துக் கேட்பதில்லை. இறந்தவர் பிறந்த ஊர், வாக்கப்பட்ட ஊர், கூடப்பிறந்தோர் முறை, வைத்த மரம், வளர்த்த மாடு, தீராத மனக்குறை ஆகிய எல்லாம் அதில் வரிசையாக வரும். பாடும் அம்மாளுக்கு எழுதத் தெரியாது. ஆயினும் அக்குடும்பத்தைப் பற்றி அவர் அறிந்தது நம் சங்கத்துப் பதிவேடு அறியாது. இன்று ஒப்பாரிக்கு ஆளை அமர்த்தி ஒலிபெருக்கி கட்டுகின்றனர். வந்தவர் எல்லார்க்கும் பொதுவான பாட்டையே பாடிப் போகின்றார்.

இனி, வீட்டுச் சுவரைப் பார்ப்போம். நம் வீடுகளின் பட்டாசாலையில், நிலைக்கு மேலே, கண்ணாடிச் சட்டமிட்ட நிழற்படங்கள் சாய்ந்து தொங்குவதை அனைவரும் அறிவீர். ஒரு காலத்தில் ஒருவர் இறந்தபின், படமில்லாது போய்விடுமே என்று நிழற்படம் எடுப்பாரை அழைத்து, இறந்தவரை நாற்காலியில் இருத்திப் படமெடுத்ததும் உண்டு. பின்னர்ப் படத்தில் மூடிய கண்ணைத் தூரிகையால் திறந்து வைப்பர். அக்கண்ணைத் திறந்தவர் பெயரைப் படத்தின் மூலையில் காணலாம். சிலவற்றில் அதுவும் இல்லை. அவரும் கலைஞரே அல்லரோ? புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்தோர், தமிழ்நாட்டுப் பழைய நிழற்பட நிலையங்களைத் தேடிச் சென்று எஞ்சிய படங்களைப் படியெடுத்துக் காத்து வருகின்றனர். எஞ்சியவை சிலவே. கண்ணாடித் தகடுகளைக் கழுவிக் கண்ணாடியாக விற்றனர். படச்சுருளை உருக்கி வெள்ளி எடுத்தனர். ஈரமும் கரையானும் மீதியைத் தின்றன. புதுவீடு கட்டுவோர் புதுச்சுவரில் ஆணி அறைய மனமின்றிப் பழைய படங்களைப் பரணில் ஏற்றுகின்றனர். பரணில் ஏறியது மீண்டும் இறங்குவது அரிது.

இப்பொழுது, சற்றுமுன் கருத்தில் வைத்துக்கொள்ள வேண்டியதற்கு வருகின்றோம். இங்கிருந்து பேருந்தில் அரைமணிப் பொழுதில் அடையத் தக்க வாடிப்பட்டியில் ஜெய்சிங் நாகேஸ்வரன் என்னும் நிழற்படக் கலைஞர் உளர். எவரிடமும் முறையாகப் பயிலாது தாமே கற்றவர். திருநங்கையர் வாழ்வைப் படமெடுத்து வெளிநாடுகளிலும் அறியப்பட்டவர். 2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில் ஊரடங்கினால் சொந்த ஊருக்கு மீண்ட அவர், தம் குடும்பத்தையே படமெடுக்கலானார். ‘மீனைப் போல் உணர்கின்றேன்’ என்னும் பொருள்பட அத்தொகுதிக்குப் பெயர். அவருடையது தலித் குடும்பம். அவர்தம் பாட்டியார், தம் மக்களைச் சார்ந்த பிள்ளைகள் கற்பதற்கென்று ஒரு பள்ளியை நிறுவியவர். பள்ளியாசிரியராகிய யாம் அவ்வம்மையாரை நினைந்து தலைவணங்குகின்றோம்.

அத்தகைய பள்ளி தனியே ஏன் வேண்டியதாயிற்று என்னும் வினா உடனே எழும். விடை இங்குள்ள முதியோர் அனைவர்க்கும் தெரியும். நம் பாட்டனார் காலத்துப் பள்ளியில் யார் திண்ணைக்குள் இருந்தனர், யார் வெயிலில் நின்று கேட்டனர் என்பதை எவரும் எமக்குச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. ‘இதனைச் சங்க மேடையில் சொல்லத்தான் வேண்டுமா?’ என்று அன்பர் ஒருவர் இன்று காலை எம்மை வினவினார். வேண்டும் என்றே கருதுகின்றோம். வாடிப்பட்டிக் குடும்பத்தின் நினைவும் நம் குடும்பங்களின் நினைவும் ஒரே தெருவைப் பற்றியன. அவர் நினைவில் நம் வீட்டு வாசல் இருக்கும். நம் நினைவில் மட்டும் அவ்வாசலில் நின்றவர் இல்லாது போவாராயின், நம் நினைவுதான் குறையுடையது. கழனியில் நாற்று நட்டவரும் கொடிக்காலில் அகத்திக்கு நீர் இறைத்தவரும் எந்த வழியாக வந்தனர், எங்கே நின்று கூலி பெற்றனர், எந்தக் கலயத்தில் நீர் வாங்கினர் என்பது வீட்டின் வரலாறே. சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் மகிழ்ந்தோம். அவ்வெற்றிலையைக் கிள்ளிக் கவுளி கட்டிய கைகளின் பெயரை எந்த ஏட்டிலும் யாம் காணவில்லை.

பிறரை விடுவோம், நம் வீட்டாரையாவது முற்ற அறிவோமா? எம் வகுப்பு மாணாக்கர் நாற்பத்திருவரிடம் தத்தம் முன்னோர் பெயரை எழுதிவருமாறு சென்ற ஆண்டு சொன்னோம். தந்தையைப் பெற்ற பாட்டனார் பெயரை எல்லாரும் எழுதினர். பாட்டனாரின் தந்தை பெயரைப் பாதிப்பேர் எழுதினர். பாட்டனாரின் தாயார் பெயரை எழுதினோர் மூவரே. ஒரு பெண்குழந்தை, ‘சமைத்துப் போட்ட அப்பத்தா’ என்று மட்டும் எழுதியிருந்தாள். நம் சங்கம் வெளியிட எண்ணும் வமிச வரலாற்றின் படிவத்திலும் ஆண்வழிக்கு மட்டுமே கட்டம் போட்டிருக்கின்றது. அப்படிவம் அச்சேறுமுன் மாற்றப்பட வேண்டும் என்று இச்சபையில் கேட்டுக்கொள்கின்றோம். ரங்கூனுக்குப் போய் 1942-ஆம் ஆண்டில் காடும் மலையும் நடந்தே மீண்டோர் சிலர் குடும்பத்தார் நம்மிடை உளர். போய் மீளாதோர் குடும்பத்தாரும் உளர். மீளாதவர்க்கும் அப்படிவத்தில் இடம் இல்லை. இறந்த நாள் தெரியாதவர்க்குத் திதி கொடுக்க நம் மரபு ஒரு வழி வைத்திருக்கின்றது; படிவம் வைக்கவில்லை.

இதற்கு மறுப்பும் உண்டு. ‘ஆறிய புண்ணைக் கீறுவானேன்? பழைய வீட்டை வரைந்தால் பழைய பாகப்பிரிவினை வழக்கும் உடன் எழுமே’ என்பர். வழக்கு எழுதல் உண்மையே. எந்தச் சுவர் யாருக்கு என்று மனைப்படத்தைப் பார்த்தே அண்ணன் தம்பியர் மீண்டும் முனிதல் கூடும். ஆதலின் நாம் தொகுப்பது பத்திரத்திற்குச் சான்றாகாது என்று ஒவ்வொரு தாளின் தலையிலும் எழுதிவிடுவோம். புண்ணைப் பொறுத்தமட்டில், தமக்கையார் மடலைக் கையிலே கொடுக்க எத்தனை ஆண்டு காத்தனர் என்பதை மறவற்க. எவரையும் வற்புறுத்தி வாங்குதல் தகாது. சொல்ல மனமில்லாத அறையை வெறுமையாக விட்டு வரைய அவர்க்கு உரிமை உண்டு.

ஆகவே சங்கத்தார் உடன்பட்ட ஏற்பாடு ஒன்றனைக் கூறி அமைகின்றோம். வரும் மாதக் கூட்டத்தன்று மண்டபத்தில் தாளும் பென்சிலும் வைத்திருக்கும். அறுபது வயது கடந்தோர், முதற்கண் தாய்மார், தாம் பிறந்த வீட்டை, இடிந்ததாயினும் விற்றதாயினும், நினைவிலிருந்து வரைக. திண்ணை, நடை, முற்றம், அடுப்பங்கரை, குலுக்கை, தொழுவம், கிணற்றடி, கொல்லை வாயில் ஆகியவற்றுள் நினைவில் நிற்பவற்றைக் குறிக்க. எவ்வறையில் யார் பிறந்தார், எங்கே யாரைக் கிடத்தினர், எந்த வாயிலில் யார் வந்து நின்றார் என்பதனை அருகே சொல்ல, எம் மாணாக்கர் எழுதிக்கொள்வர். கீழே பெயரும் ஊரும் இடுக. கை நடுங்கிக் கோடு கோணினால் பேரப்பிள்ளைகள் அதனைத் திருத்தற்க. அளவுகோல் மண்டபத்தில் இராது.